நெப்போலியன் படையைச் சாய்ச்சது யாரு? வில்னியஸ் குழியில் கிடைச்ச பல் சொன்ன கதை

[திரையில்: களிம்பேறிய ஒரு பொத்தான், மிக நெருக்கத்தில்]

வணக்கம் மக்களே! இந்தப் பொத்தான்ல ஒரு எண் தெரியுதா? அது ஒரு படைப்பிரிவோட எண். இதைச் சட்டையில போட்டிருந்தவர் செத்து 200 வருஷத்துக்கு மேல ஆச்சு. அவரோட ஒரே இடத்துல கிடந்தவங்க மட்டும் 3,000 பேருக்கு மேல!

இடம், லித்துவேனியா தலைநகர் வில்னியஸ். அங்க பழைய நகரப் பகுதியில ரோடு வேலைக்குத் தோண்டணும்னா, முதல்ல தொல்லியல் ஆளுங்க மண்ணைப் பார்த்தாகணும். ஆனா இந்த இடம் பழைய நகரத்துக்கு வெளிய. அதனால 2001ல இங்க முதல்ல வந்தது பொக்லைன். பழைய சோவியத் ராணுவ முகாம் நிலத்துல கட்டுமான வேலை. தோண்டத் தோண்ட எலும்பு! சோவியத் காலத்துல கொன்னு புதைச்சவங்களோன்னுதான் முதல்ல சந்தேகம். பொத்தானும் காசும் கிடைச்ச பிறகுதான் தெரிஞ்சது, இது நெப்போலியன் படைன்னு.

வரலாறு சுருக்கமா: 1812 ஜூன்ல 4 லட்சம் பேருக்கு மேல ரஷ்யாவுக்குள்ள போனாங்க. டிசம்பர்ல பின்வாங்கித் திரும்பும்போது மிச்சம் மீதி ஆளுங்க பசியும் குளிருமா வில்னியஸ் வந்து விழுந்தாங்க. மண்ணு உறைஞ்சு கிடந்ததால, ஏற்கெனவே வெட்டியிருந்த அகழியிலேயே பிணங்களைப் போட்டுட்டாங்க.

[திரையில்: ஒரு கடைவாய்ப் பல்]

இப்போதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். பல்லுக்குள்ள ரத்தம் ஓடும் இல்லையா? ஆள் சாகும்போது ரத்தத்துல கிருமி இருந்தா, அதுவும் உள்ளேயே காய்ஞ்சு தங்கிடும். வெளிய எனாமல், இறுக மூடின டப்பா மாதிரி!

2006ல 35 வீரர்களோட பற்களைச் சோதிச்சாங்க. 7 பேர்கிட்ட அகழிக் காய்ச்சல் கிருமி, 3 பேர்கிட்ட டைஃபஸ் கிருமி (டைஃபாய்டு இல்ல, இது வேற காய்ச்சல்). ரெண்டையுமே பரப்புறது உடம்புப் பேன். குழி மண்ணுல அந்தப் பேனோட துணுக்குகள்கூடக் கிடைச்சுது!

அப்புறம் 2025ல வேற 13 பேரோட பல். டைஃபஸ் இல்லவே இல்லை! 4 பேர்கிட்ட பாராடைஃபாய்டு (டைஃபாய்டு மாதிரி ஒரு காய்ச்சல்), 2 பேர்கிட்ட பேன் பரப்புற இன்னொரு காய்ச்சல். எப்படி மாறுச்சு? 2006 சோதனை, வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி. அவர் கூப்பிட்ட பேருக்குத்தான் 'உள்ளேன் ஐயா' வரும்; அதாவது, சந்தேகப்பட்ட கிருமிகளை மட்டும்தான் தேடினாங்க. 2025ல வகுப்புக்குள்ளயே போய் ஒவ்வொரு பெஞ்சா பார்த்துட்டாங்க; அதாவது, பல்லுல எந்தக் கிருமியோட டிஎன்ஏ இருந்தாலும் தேடினாங்க. அதுக்காகப் பழைய முடிவு தப்புன்னு சொல்லிடாதீங்க. 3,000 பேர்ல 13 பேரைத்தானே பார்த்திருக்காங்க!

இன்னொண்ணு கேளுங்க. அந்தப் படையில இருந்த டாக்டர் ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார்: வில்னியஸ் வர்ற வழியில வீட்டுக்கு வீடு பீப்பாய்ல உப்புப் போட்டு ஊறின பீட்ரூட். பசியில அதைத் தின்னு, தாகத்துக்கு அந்தத் தண்ணியையே குடிச்சு, வயிறு கெட்டுப் போச்சாம். பாராடைஃபாய்டு பரவுறதே கெட்டுப்போன தண்ணி, சாப்பாடு வழியாத்தான். பீட்ரூட்தான் காரணம்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. ஆனா அந்தப் பீப்பாய் என் கண்ணைவிட்டுப் போகவே மாட்டேங்குது.

[திரையில்: பனி மூடிய கல்லறைத்தோட்டம்]

எலும்புகளை 2003ல வில்னியஸ் அந்தகால்னிஸ் கல்லறைத்தோட்டத்துல மரியாதையா அடக்கம் பண்ணினாங்க. பெரும்பாலும் இளவயசுப் பசங்க. குளிருக்குக் கையைக் காலை ஒடுக்கிச் சுருண்டபடியே சிலர் கிடந்திருக்காங்க.

உங்க ஊர்ல ரோடு, குழாய்னு தோண்டும்போது பழைய காசோ பானை ஓடோ வெளிய வந்ததைப் பார்த்திருக்கீங்களா? அதை என்ன செஞ்சாங்க? கமென்ட்ல எழுதுங்க, ஒண்ணுவிடாம படிக்கிறேன்.