பூட்டிய வீட்டுக்கும் செலவு உண்டு

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டில் வீடு வாங்கப்போகிறவர்கள் என்னிடம் கணக்குக் கேட்க வந்தால் முதலில் விலையைத்தான் சொல்வார்கள். "பதிவுச் செலவையும் சேர்த்துவிட்டோம் சார், இதற்குள் முடிந்துவிடும்" என்பார்கள். நான் கேட்பது வேறு. ஒரு வருடம் முழுக்க யாருமே அங்கே போகாமல் பூட்டி வைத்தால் எவ்வளவு ஆகும்? இதற்குப் பதில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

ஸ்பெயினை எடுத்துக்கொள்வோம். நகராட்சிக்கு ஆண்டுதோறும் சொத்துவரி கட்ட வேண்டும். சரி, அதைப் பலரும் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அந்த நாட்டில் வசிக்காத உரிமையாளருக்கு இன்னொரு வரியும் உண்டு. வீட்டை வாடகைக்கு விடாவிட்டாலும், அதிலிருந்து வருமானம் வந்ததாக அரசே கணக்கில் எடுத்துக்கொள்ளும். அரசுப் பதிவேட்டில் உள்ள மதிப்பில் 1.1 அல்லது 2 சதவீதம்தான் அந்த வராத வருமானம். பதிவேட்டு மதிப்பு 1,00,000 யூரோ, விகிதம் 1.1 என்றால், வருமானம் 1,100 யூரோ. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய ஒன்றிய நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன்) வெளியே வசிப்பவர் அதில் 24 சதவீதம், அதாவது 264 யூரோ கட்ட வேண்டும். தொகை பெரிதில்லை. ஆனால் இதற்குப் பில் வீடு தேடி வராது, நாமே கணக்குப் போட்டுப் படிவம் கொடுக்க வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால் ஆளுக்கொரு படிவம். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பல வருடம் விட்டுவிட்டு, விற்கும் நேரத்தில் அபராதத்தோடு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

கனடாவின் வான்கூவர் நகரம் இன்னும் கறார். அங்கே 2017 முதல் காலி வீட்டுக்குத் தனி வரி. தொடக்கத்தில் வீட்டு மதிப்பில் 1 சதவீதமாக இருந்தது, பிறகு 3 சதவீதமாகிவிட்டது. வீட்டில் ஆள் இருந்தார்களா என்று உரிமையாளர் ஒவ்வொரு வருடமும் எழுதித் தர வேண்டும். மறந்துவிட்டால் வீடு காலி என்றே வைத்து வரி போட்டுவிடுவார்கள். பிரான்சில் குடியிருப்பு வரியை முதன்மை வீட்டுக்கு 2023-இல் முழுவதுமாக எடுத்துவிட்டார்கள், இரண்டாவது வீட்டுக்கு எடுக்கவில்லை. துபாயில் ஆண்டுச் சொத்துவரி இல்லை என்று சந்தோஷப்படுகிறவர்கள், கட்டடப் பராமரிப்புக்காக, சதுர அடிக்கு இவ்வளவு என்று வருடாவருடம் வரும் சர்வீஸ் சார்ஜை மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் காப்பீடு. எனக்குத் தெரிந்த ஒருவரின் பூட்டிய வீட்டில், சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் இணைப்பு விட்டுப்போனது. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. மரத்தரை உப்பி, பலகைகள் ஓரம் தூக்கி நின்றன. பிரீமியம் ஒழுங்காகக் கட்டியவர்தான். ஆனால் தொடர்ந்து 60 நாள் ஆள் இல்லாத வீட்டில் தண்ணீரால் வரும் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று பாலிசிக்குள் ஒரு வரி இருந்தது. மாதம் ஒருமுறையாவது கதவைத் திறந்து பார்க்க ஓர் ஆளை வைத்து, அவருக்கான சம்பளத்தையும் வருடக் கணக்கில் சேருங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் சொத்துவரி ரசீதுகளையும், உரிமையாளர் சங்கத்தின் கடந்த 3 வருடக் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். லிஃப்ட் மாற்றவோ கூரையைச் சரிசெய்யவோ பேச்சு நடந்திருந்தால் அந்தக் குறிப்பில் இருக்கும். சந்தா பாக்கி இல்லை என்று சங்கத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். ஸ்பெயினில் நடப்பு வருடத்துப் பாக்கியும் அதற்கு முந்தைய 3 வருடத்துப் பாக்கியும் வீட்டோடு சேர்ந்தே புது உரிமையாளரிடம் வந்துவிடும்.