ஆரஞ்சுப் பையில் எண்ணெய் வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம்.

டர்பனில் குப்பைக்கு நான்கு நிறப் பைகள் உண்டு. பொதுக் குப்பைக்குக் கறுப்பு, தோட்டக் குப்பைக்கு நீலம், மறுசுழற்சிக்குப் போகும் தாள், அட்டை, பிளாஸ்டிக்குக்கு ஆரஞ்சு. நான்காவது, உள்ளே இருப்பது தெரியும் நிறமில்லாத பை. அது கண்ணாடிக்கும் தகர டப்பாவுக்கும். எல்லா வட்டாரத்துக்கும் எல்லாப் பையும் வந்து சேர்வதில்லை என்பது வேறு விஷயம். நிறங்கள் எளிதில் மனதில் நின்றுவிடும். தவறு பெரும்பாலும் ஆரஞ்சுப் பையில்தான் நடக்கிறது.

ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பித் தரும் பன்னி சவ் சுற்றி வந்த தாளை எடுத்துக்கொள்வோம். தாள்தானே என்று ஆரஞ்சில் போடுகிறோம். ஆலையில் பழைய தாளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்குவார்கள். மண்ணும் தூசியும் அதில் கழுவிப் போய்விடும். எண்ணெய் போகாது, நாரோடு ஒட்டிக்கொள்ளும். புதுத் தாளில் கறை விழும், தாள் வலுவிழக்கும். அதற்கு முன்பே, பையில் கிடக்கும் சுத்தமான செய்தித்தாளிலும் குழம்பு ஊறிவிடும். ஆகவே அந்தத் தாள் கறுப்புப் பைக்கு. பீட்சா பெட்டியில் மூடி சுத்தமாக இருந்தால் கிழித்து ஆரஞ்சில் போடுங்கள், எண்ணெய் பட்ட அடிப்பாகம் கறுப்புக்கு. டிஷ்யூ பேப்பர் சுத்தமாகவே இருந்தாலும் ஆகாது. அதன் நார் மிகவும் குட்டை. கடை ரசீதும் வேண்டாம், அதில் ரசாயனப் பூச்சு இருக்கிறது.

பிளாஸ்டிக்கில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். கூல்டிரிங்க் பாட்டில் 1, பால் பாட்டில் 2, ஐஸ்கிரீம் டப்பா பெரும்பாலும் 5. இவற்றை மறுசுழற்சிக்கு வாங்குவோர் உண்டு. பாட்டிலை முழுக்கக் காலி செய்து, நசுக்கி, மூடியைத் திருகியே போடலாம். அரைத்துத் தண்ணீரில் இடும்போது பாட்டில் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும், தானாகவே பிரிந்துவிடும். சிப்ஸ் பாக்கெட் அப்படியல்ல. பிளாஸ்டிக்கின் மேல் அலுமினியம் படலமாகப் படிந்திருக்கிறது, பிரிக்க வழியில்லை. சந்தேகம் வந்தால் கையில் கசக்கிப் பாருங்கள். பளபளப்பான உறை மறுபடி விரிந்தால் கறுப்புப் பைதான்.

அச்சார் பாட்டிலைப் பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரில் அலசினாலே போதும். அதற்கென்று புதிதாகத் தண்ணீர் செலவழிக்க வேண்டாம். கண்ணாடி டம்ளர், அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம், முகம் பார்க்கும் கண்ணாடி மூன்றையும் பாட்டில்களோடு சேர்க்காதீர்கள். டம்ளர், பாத்திரத்தின் கலவையும் உருகும் சூடும் வேறாக இருக்கலாம், முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்புறம் பூச்சு இருக்கிறது. உருகாத சிறு துண்டு ஒன்று கலந்தாலும் புதுப் பாட்டில் அந்த இடத்தில் உடையும். உடைந்ததைச் செய்தித்தாளில் தடிமனாகச் சுற்றிக் கறுப்பில் போடுங்கள். தகர டப்பாவின் வெட்டிய மூடியை உள்ளே தள்ளி வாயை நசுக்கிவிடுங்கள். பைகளைப் பிரிப்பவை மனிதக் கைகள்.

காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, விசேஷத்துக்குப் போட்ட வாழை இலை எல்லாம் குப்பை மேட்டில் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயு விடும். டர்பனின் பிசாசர் ரோடு குப்பை மேட்டில் அந்த வாயுவைக் குழாயில் பிடித்து மின்சாரம் எடுத்தார்கள். அது நல்ல வேலைதான், ஆனால் அந்த மேட்டின் வாடை எப்படி என்று அதன் பக்கத்துக் கிளேர் எஸ்டேட்காரர்களைக் கேட்டால் தெரியும். வீட்டிலேயே மூடியுள்ள வாளியில் அடியில் துளையிட்டு, ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை போட்டு, வாரம் ஒருமுறை கிளறுங்கள். புளித்த நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், கிழித்த அட்டையைச் சேருங்கள். இறைச்சி, எலும்பு, சமைத்த குழம்பு போட்டால் எலி வரும்.

பேட்டரியை எந்தப் பையிலும் போடாதீர்கள். வண்டி அமுக்கும்போது லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். சில பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளில் அதற்கென்று பெட்டி வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக நம் ஊர்க் குரங்குகள். முந்தைய இரவே பையை வாசலில் வைத்தால், விடிந்ததும் அவை வந்து நான்கு நிறத்தையும் கலந்துவிடும். வண்டி வரும் நாள் காலையில், வாயை இறுகக் கட்டி வெளியே வையுங்கள்.

வணக்கம்.