மணலுக்கு நான்கு இருக்கை வண்டி: நால்வரும் ஏறிய பிறகு தேர்வு செய்யுங்கள்

வணக்கம் நண்பர்களே. கடற்கரைக்கும் மணல்மேட்டுக்கும் சேர்த்து, நான்கு இருக்கை உள்ள சைடு பை சைடு வண்டி (பக்கம் பக்கமாக இருக்கையும் ஸ்டீயரிங்கும் கூண்டுச் சட்டமும் கொண்ட, சாலையில்லாத தரைக்கான வண்டி) எதை வாங்கலாம் என்று உங்களில் பலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிட்டு நான் விடைபெறலாம். அது உங்களுக்குப் பயன்படாது. இந்த வண்டிகளைப் பற்றி வரும் விமர்சனங்களில் பெரும்பாலானவை ஓட்டுநர் தனியாக உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துச் சொல்பவை. நீங்கள் வாங்கப்போவதோ நால்வர் போவதற்கு. நால்வரும் ஏறி உட்கார்ந்ததும் அது வேறு வண்டியாகிவிடுகிறது. அதன் டயர், அதன் பெல்ட், அதன் அடிவயிறு எல்லாம் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன.

எடையில் இருந்து தொடங்குகிறேன். 1000 சிசி வகுப்பில் வரும் நான்கு இருக்கை வண்டிகள் பெரும்பாலும் 750 முதல் 900 கிலோ வரை இருக்கும். பெரியவர்கள் நால்வர் என்றால் 300 கிலோ. குடிநீர், ஐஸ் பெட்டி, மண்வெட்டி, இழுவை வார், காற்றடிக்கும் கம்ப்ரஸர் என்று இன்னும் ஒரு 50 கிலோ. ஆக, ஏறத்தாழ 1,200 கிலோவை மணல் மேல் நகர்த்துகிறீர்கள். விவரத்தாளில் பின்பெட்டி தாங்கும் எடை ஓரிடத்திலும், வண்டி மொத்தமாகத் தாங்கும் எடை வேறிடத்திலும் இருக்கும். மொத்த எடையில் ஆட்களும் அடக்கம். கடைக்குப் போகும் முன் உங்கள் வீட்டு ஆட்களின் எடையைக் கூட்டி, கையில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்தது டயர். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மணலில் பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. 1,200 கிலோவை நான்கால் வகுத்தால் ஒரு டயர் மேல் 300 கிலோ. டயர் தரையில் படியும் பரப்பு, உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 12 பிஎஸ்ஐ வைத்திருந்தால் ஏறத்தாழ 350 சதுர சென்டிமீட்டர் படியும். 8 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அது 530 சதுர சென்டிமீட்டரைத் தொடும். டயரின் சுவர் விறைப்பாக இருந்தால் இந்த எண் சற்றுக் குறையும், ஆனால் போக்கு இதுதான். புது டயர் வாங்காமலே உங்கள் டயரைப் பாதி பெரிதாக்கிவிடுகிறீர்கள். அதுவும் அகலத்தில் அதிகமாக விரியாமல், நீளவாக்கில் நீள்கிறது. அதனால் டயர் மணலை முன்னால் தள்ளிக் குவிக்காமல் அதன் மேல் ஏறிப் போகிறது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. மிகவும் இறக்கிவிட்டுச் சட்டென்று வளைத்தால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். நால்வர் இருக்கும்போது அந்த ஆபத்து இன்னும் கூடுதல். மணல்மேடுதான் உங்கள் முதன்மையான இடம் என்றால் பீட்லாக் ரிம் போட்ட வண்டியைத் தேடுங்கள். விளிம்பை வளையமும் போல்ட்டுகளும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

பேடில் டயர் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். பின்சக்கரத்தில் துடுப்பு துடுப்பாக நிற்குமே, அதுதான். உலர்ந்த மணல்மேட்டில் அதற்கு ஈடு எதுவும் கிடையாது. ஆனால் அலை வந்து போகும் இறுகிய ஈர மணலில் அது வண்டியை உலுக்கி எடுக்கும், துடுப்பும் சீக்கிரம் தேயும். கடற்கரையும் மணல்மேடும் ஒரே நாளில் என்றால், ஆழமில்லாத பூவேலை கொண்ட, எல்லா வகைத் தரைக்கும் ஏற்ற அகலமான டயரும் ஒரு நல்ல அழுத்தமானியும் போதும். ஆழமான கட்டைகள் கொண்ட சேற்று டயர் மட்டும் வேண்டாம். அது மணலில் நின்ற இடத்திலேயே குழி தோண்டும்.

இப்போது பெல்ட். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் சிவிடி கியர்பாக்ஸ்தான். இரண்டு கப்பிகள், நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். சாலையில் வண்டியை உருட்டிவிட்டால் அது தானாகக் கொஞ்ச தூரம் போகும். மணல் அப்படி விடாது, ஒவ்வொரு மீட்டருக்கும் என்ஜினிடம் கூலி கேட்கும். நால்வரோடு உலர்மணலில் நின்றுவிட்டு, ஹை கியரில், அதாவது வேகத்துக்கான கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ன நடக்கிறது தெரியுமா? சக்கரம் நகராது. பெல்ட்டும் நகராது. முன்கப்பி மட்டும் சுழன்று பெல்ட்டின் ஒரே இடத்தைத் தேய்க்கும். பெல்ட்டைக் கழற்றி விரலால் பக்கவாட்டில் தடவிப் பாருங்கள். அந்த இடம் கண்ணாடி மாதிரி பளபளப்பாகவும் மற்ற இடங்களை விட ஒடுங்கியும் இருக்கும். அந்தப் பெல்ட் அதிக நாள் தாங்காது. கருகிய ரப்பர் வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள்.

ஆகவே மெதுவான, பாரமான நகர்வு எதுவானாலும் லோ கியர். வாங்கும்போது பெல்ட் வெப்பமானி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பொருத்திக்கொள்ளுங்கள். பெல்ட் மூடியைக் கழற்ற எத்தனை போல்ட், அதை அடைய எதையெல்லாம் முதலில் எடுக்க வேண்டும் என்று கடையிலேயே கேளுங்கள். வெயிலில், மணலில், நீங்கள்தான் அதை மாற்றப்போகிறீர்கள்.

யமஹா வுல்வரின் வண்டிகளிலும் பெல்ட்தான், ஆனால் புறப்படும்போது வரும் வழுக்கலை எண்ணெயில் ஊறிய தனி கிளட்ச் ஏற்றுக்கொள்கிறது. பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கிறது. பெல்ட்டே வேண்டாம் என்பவர்களுக்கு ஹோண்டா பயனியர் 1000 இருக்கிறது. அதில் பல்சக்கரங்களோடு கூடிய இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். மேட்டின் இறக்கத்தில் என்ஜின் பிடிமானமும் நன்றாகக் கிடைக்கும். 1000-5 என்ற வடிவத்தில் பின்னிருக்கைகளை மடித்துப் பெட்டியாக்கிக்கொள்ளலாம். நால்வரோடு கடற்கரையில் மெதுவாக, அடிக்கடி நின்று நின்று போகிறவர்களுக்கு இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது.

குதிரைத்திறன் பற்றி நீளமாகப் பேச எனக்கு விருப்பமில்லை. சமதளக் கடற்கரைக்கு 60 குதிரைத்திறனே போதும். மணல்மேடு ஏற, நால்வரோடு என்றால், 100 குதிரைத்திறனை ஒட்டி இருந்தால் நிம்மதி. போலாரிஸ் ஜெனரல் 4, கேன்-ஆம் கமாண்டர் மேக்ஸின் 1000ஆர் வகைகள் அந்த வரிசையில் வருகின்றன. டர்போ, குடும்பத்தோடு போகிறவர்களுக்குத் தேவையில்லாத சுமை.

இந்த இரண்டு வண்டிகளையும் நான் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வகை வண்டிகள் உழைப்புக்காகப் பிறந்தவை. 1988இல் கவாசாகி கொண்டுவந்த மியூல், பண்ணையில் சுமை ஏற்ற வந்த வண்டி. 2008 மாடலாக போலாரிஸ் ஆர்இசட்ஆர் வந்த பிறகு வேகத்துக்கென்று தனிக் கிளை பிரிந்தது. ஜெனரலும் கமாண்டரும் வுல்வரினும் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை: பின்னால் பெட்டியும் இருக்கும், நல்ல சஸ்பென்ஷனும் இருக்கும். உங்கள் தேவை இந்த நடுவில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

சரி, முகட்டைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். காற்று வீசும் பக்கம் மணல்மேடு சாய்வாக ஏறும். மறுபக்கம், உலர்மணல் நிற்கக்கூடிய அதிகபட்சச் சாய்வில், அதாவது 30 முதல் 34 டிகிரியில், திடீரென்று இறங்கும். இரண்டு இருக்கை வண்டியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஏறத்தாழ 2.3 மீட்டர். நான்கு இருக்கையில் அது 3 மீட்டர் வரை போகும். அடித்தட்டு தரையிலிருந்து 32 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், குட்டை வண்டி, ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து சுமார் 31 டிகிரி மடியும் முகட்டை வயிறு இடிக்காமல் தாண்டும். நீள வண்டிக்கு 24 டிகிரிதான். நால்வர் ஏறி அடித்தட்டு 25 சென்டிமீட்டருக்கு இறங்கிவிட்டால், 19 டிகிரி. கூர்மையான முகட்டில் வண்டி வயிற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு நான்கு சக்கரமும் அந்தரத்தில் சுற்றுவது இதனால்தான்.

அதனால் ஷோரூமில் ஒரு காரியம் செய்யுங்கள். காலி வண்டியின் அடித்தட்டு உயரத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். பிறகு நால்வரும் ஏறி உட்காருங்கள். மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள். அதிகமாக இறங்கினால், ஸ்பிரிங் இறுக்கத்தைக் கூட்ட வழி இருக்கிறதா, அதைக் கூட்டிய பின் எவ்வளவு மீள்கிறது என்று பாருங்கள். விற்பவர் பொறுமை இழந்தால் இழக்கட்டும். நீளச் சட்டத்துக்கு ஒரு நன்மையும் உண்டு. அலையலையான மணலில் அது குட்டை வண்டியைப் போலத் துள்ளாது, பின்னால் இருப்பவர்களின் முதுகு தப்பிக்கும்.

பின்னிருக்கை. தயவுசெய்து நீங்களே அங்கே உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் எங்கே இடிக்கிறது, முன்னால் வருவது கண்ணுக்குத் தெரிகிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, என்ஜின் சூடு காலில் படுகிறதா. முதுகு இருக்கையில் படிந்திருக்க, இரண்டு பாதமும் தரையில் ஊன்ற, கை கம்பியை எட்ட வேண்டும். இவை மூன்றும் முடியாத குழந்தை இந்த வண்டியில் ஏறக் கூடாது. இதில் எந்தச் சமரசமும் வேண்டாம். எல்லோருக்கும் ஹெல்மெட், சீட் பெல்ட், கதவு அல்லது வலை. மேட்டுக்கு அப்பால் வருகிறவருக்கு நீங்கள் இருப்பது தெரிய உயரமான கொடிக்கம்பம் கட்டுங்கள். பல இடங்களில் அது கட்டாயமும்கூட.

இனி உப்பு. கேமராவைக் கொஞ்சம் கீழே கொண்டுவருகிறேன். இதோ, முன்சக்கரத்தின் உட்பக்கம், சக்கரத்தைத் தாங்கும் இந்த சஸ்பென்ஷன் கை சட்டத்தோடு சேரும் போல்ட். அதன் தலையைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது பாருங்கள். பக்கத்தில் பெயிண்ட் ஒரு கொப்புளம் மாதிரி எழும்பியிருக்கிறது. நகத்தால் அழுத்தினால் உடைகிறது, உள்ளே பழுப்பு. மேலிருந்து பார்த்தால் இந்த வண்டி புதிதாகத்தான் தெரியும்.

கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நீர் காய்ந்தால் ஆபத்து முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைசலாக மாறும். கடலோர இரவுகளில் அது சாதாரணம். நீங்கள் தூங்கும்போது வண்டி மறுபடி மறுபடி உப்புநீரில் நனைகிறது. உப்புத் தின்ற வண்டி தண்ணீர் குடித்தே ஆக வேண்டும்: அன்றைக்கே, நல்ல தண்ணீரில், தாராளமாக. பேரிங், ரப்பர் உறை, ரேடியேட்டர் இவற்றின் மேல் அழுத்தமான பீய்ச்சல் வேண்டாம். ரேடியேட்டரை என்ஜின் பக்கத்திலிருந்து வெளியே நோக்கிக் கழுவுங்கள். கழுவிய பின் பிரேக்கை மிதித்து மிதித்துக் கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவிடுங்கள்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியதும் இதில் இருக்கிறது. அடியில் இருக்கும் தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே மணல் அடைந்துகொள்ளும். ஈர உப்பு மணல் அங்கே நாட்கணக்கில் தங்கும். தட்டில் கழுவி வெளியேற்றத் துளைகள் இருக்கின்றனவா? சேரும் இடங்களில் கிரீஸ் அடிக்க முனைகள் இருக்கின்றனவா? இருந்தால் புது கிரீஸ் உப்பையும் மணலையும் வெளியே தள்ளிவிடும். அலுமினியமும் இரும்பும் தொடும் இடங்களில் அரிப்பு வேகமாக இருக்கும், அங்கே முதல் நாளே பாதுகாப்புப் பூச்சு கொடுங்கள். வயர் கனெக்டர்களைத் திறந்து மின்காப்பு கிரீஸ் தடவுங்கள். அலைக்குள் ஓட்டிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். காற்று ஃபில்டரின் உறிஞ்சுவாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். முன்வண்டி கிளப்பும் நுண்மணல் உள்ளே போனால் பிஸ்டன் வளையங்களை அரம் போலத் தேய்க்கும்.

எங்கே ஓட்ட அனுமதி இருக்கிறதோ அங்கே மட்டும் ஓட்டுங்கள். கடற்கரையில் அலை நனைத்து இறுகிய பட்டைதான் உங்கள் பாதை. மணல்மேட்டில் புல்லும் கொடியும் படர்ந்த இடத்தில் சக்கரம் வைக்காதீர்கள். அந்த வேர்கள்தான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஆமைகளும் பறவைகளும் முட்டையிடும் பருவத்தில் உலர்மணல் பகுதியை அவற்றுக்கே விட்டுவிடுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலோரத்தில் ஓடிய வண்டியா என்று கேட்பதோடு நிற்காதீர்கள். அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு காந்தத்தையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு குனிந்து, வெல்டிங் ஓரங்கள், பிரேக் குழாய், ரேடியேட்டரின் கீழ் விளிம்பு மூன்றையும் பாருங்கள். பெல்ட் மூடியைத் திறந்து பெல்ட்டைச் சுற்றி வரத் தடவுங்கள். கழற்ற மாட்டேன் என்று சொல்கிறவரிடம் விலை பேச உட்காராதீர்கள். அடுத்த வண்டியைப் பார்க்கப் புறப்படுங்கள்.