யார் கட்டுகிற வரி?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

அரசுப் பேருந்தில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தைப் பற்றி, "என் வரிப்பணத்தில் இவர்களுக்கு ஓசி பஸ்" என்ற பேச்சை டீக்கடையில் கேட்டிருப்பீர்கள், வாட்ஸ்அப்பிலும் பார்த்திருப்பீர்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலரே சொல்லியிருக்கலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்படிச் சொல்கிறவருக்கு வரி என்றால் வருமான வரி. சம்பளத்தில் பிடிக்கிறார்கள், பிப்ரவரி, மார்ச்சில் கை சுருங்குகிறது, வலிக்கிறது. சரி, நியாயமான வலிதான். ஆனால் சுமார் 140 கோடி பேர் இருக்கிற நாட்டில், 2024 ஜூலை 31 கெடுவுக்குள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தது 7 கோடியே 28 லட்சம் பேர். அதிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் வரி ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. மிச்சம் இருக்கிற அத்தனை பேரும் வரியே கட்டாதவர்களா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தப் பேருந்தில் ஏறுகிறவர் வீட்டு வேலைக்குப் போகிற ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்போனுக்கு 299 ரூபாய் ரீசார்ஜ் செய்கிறார். அதற்குள்ளேயே 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் 45 ரூபாய் 61 காசு. அவர் அதை வரி என்று நினைப்பதில்லை, ரீசார்ஜ் காசு என்றுதான் நினைக்கிறார். சோப்பு உறையைத் திருப்பிப் பாருங்கள், விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'அனைத்து வரிகளும் உட்பட' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் இருக்கும். அந்தச் சோப்புக்கு 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் 18 சதவீதம், இப்போது 5. இத்தனை வருடம் 18 கொடுத்தோம் என்பதே குறைத்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது! அப்புறம் டாஸ்மாக். 2023-24-இல் மது விற்பனையிலிருந்து மாநில அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் எவ்வளவு அன்றாடக் கூலிக்காரர் சட்டைப் பையிலிருந்து வந்தது என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

வரி இப்படி விலைக்குள் ஒளிந்துகொண்டால், கட்டுகிறவருக்கே தான் கட்டுவது தெரியாது. செலவிலும் இதே கதைதான். கண்ணில் படுகிற செலவுக்குத்தான் நமக்கு ஆத்திரம் வரும். 2025-26 தமிழக பட்ஜெட்டில் மகளிர் கட்டணமில்லாப் பயணத்துக்கு 3,600 கோடி. வாங்கிய கடனுக்கு வட்டி 70 ஆயிரம் கோடிக்கு மேல். வட்டியைப் பற்றி டீக்கடையில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. வட்டிக்கு முகம் கிடையாது, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு முகம் இருக்கிறது. அந்த பட்ஜெட்டைப் பற்றி நாம் அதிகம் பேசியதுதான் என்ன? இலச்சினையில் ரூபாய்க் குறிக்குப் பதில் 'ரூ' போட்டார்களே, அதைத்தான். தொலைக்காட்சியில் விவாதம் தூள் பறந்தது.

இலவசத் திட்டத்தைக் கேள்வியே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேளுங்கள். இவ்வளவு பணம் கொடுத்த பிறகும், நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் வண்டி ஏன் தள்ளிப் போய் நிற்கிறது? மதியத்தில் ஏன் ஒன்றரை மணி நேரத்துக்கு வண்டியே இல்லை? இதைக் கேட்டால் ஏறுகிறவருக்கும் நல்லது, பணம் கொடுத்தவருக்கும் நல்லது. "ஓசி" என்று முகத்தைச் சுளித்தால் யாருக்கு லாபம்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். டைல்ஸ் வாங்கப் போகிறோம். "பில் வேணுமா சார்? பில் போட்டா பதினெட்டு பர்சன்ட் சேரும்" என்கிறார் கடைக்காரர். நாம் என்ன சொல்கிறோம்? மனை வாங்கும்போது பத்திரத்தில் அரசின் வழிகாட்டி மதிப்பு மட்டும், மிச்சம் கையில் ரொக்கம். அன்று சாயங்காலமே தெருவில் பள்ளத்தைப் பார்த்துவிட்டு "நம்ம வரியெல்லாம் எங்கே போகுது?" என்று கேட்போம். போகவில்லை ஐயா, நம்மிடமேதான் இருக்கிறது. (சிரிப்பு) பெரிய மீன்கள் தப்பிக்கும்போது நான் மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசாங்கம், அதை மறுக்கவில்லை. ஆனால் பெரிய மீனைக் காட்டித்தான் அயிரை மீனும் வலைக்கு வெளியே நீந்துகிறது.

கணக்குக் கேட்பதற்கு நம்மிடம் இடம் இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவை அங்கே வாசிக்க வேண்டும். வாசிக்கவும் செய்கிறார்கள், யாருக்கும் புரியாத வேகத்தில். அந்த நேரத்தில் நாம் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருப்போம். கையெழுத்து மட்டும் மறக்காமல் போடுவோம்.

அடுத்த முறை உள்ளே உட்காருங்கள். எல்லாவற்றையும் கேட்க வேண்டாம், தெருவிளக்குச் செலவு ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எத்தனை பல்பு மாற்றினீர்கள், எந்தத் தெருவில், பில் எங்கே? நம் தெருவில் எந்தக் கம்பம் எரிகிறது என்பது நமக்குத் தெரியும், அதனால் இந்தக் கணக்கில் நம்மை ஏமாற்றுவது கஷ்டம். சபையில் பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். அந்தப் பத்து ரூபாயும் அரசாங்கத்துக்குத்தான் போகும், பரவாயில்லை. வணக்கம்.