மத்தியானம் கோழி ஏன் தீவனத்தைத் தொடமாட்டேங்குது?

[காட்சி: கறிக்கோழி ஷெட், மதியம் 2 மணி. தீவனத் தட்டு நிறைந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு கோழிகூட இல்லை.]

குரல்: இந்தத் தட்டைப் பாருங்க. காலையில போட்ட தீவனம் அப்படியே கிடக்கு. பாதிக் கோழிங்க நிப்பிள் (கொத்தினா தண்ணி சொட்டுற குழாய் முனை) பக்கம் தண்ணிக்கு நிக்குது. மீதியெல்லாம் இறக்கையை உடம்பைவிட்டு விலக்கி வெச்சு, வாயைத் திறந்து இளைக்குது. வெயில் வந்ததும் பல பண்ணைக்காரங்க இதை சீக்குன்னு நினைச்சு மருந்தைத் தேடுவாங்க. கொஞ்சம் பொறுங்க.

[கிட்டக் காட்சி: திறந்த அலகு, படபடக்கும் தொண்டை]

கோழிக்கு வியர்க்காது. அதோட உடம்புச் சூடே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல. வளர்ந்த பிராய்லருக்கு, அதாவது கறிக்கோழிக்கு, 20 டிகிரி சுமார்ல இருந்தா சுகம். 30 தாண்டினா, மூச்சுல ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியே தள்ளியாகணும். காத்துல ஏற்கெனவே ஈரம் அதிகம்னா அந்த வழியும் அடைஞ்சுடும்.

அந்த நேரத்துல தீனி தின்னா என்ன ஆகும்? செரிமானமே ஒரு அடுப்பு. தின்ன சில மணி நேரத்துல அதோட சூடு உச்சத்துக்குப் போகும். காலை 10 மணிக்கு வயிறு முட்டத் தின்ன கோழிக்கு, வெளி வெயிலும் உள் சூடும் மத்தியானம் ஒண்ணா வந்து சேரும். வேகமா எடை ஏறணும்னே தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்த இனம் வேற, அடுப்பும் பெருசு. அதான் வாயைக் கட்டிக்கிட்டு நிக்குது.

[வரைபடம்: கோழி மூளை, ஹைப்போதலாமஸ் ஒளிர்கிறது]

கட்டளை வர்றது இங்கே இருந்து, பசியை ஆளுற ஹைப்போதலாமஸ்ங்கிற மூளைப் பகுதியில இருந்து. நியூரோபெப்டைடு ஒய், ஏஜிஆர்பிங்கிற ரெண்டு மூளைச் சேதிப் பொருளும் 'தின்னு'ன்னு சொல்லும். பிஓஎம்சிங்கிற வகை நரம்பணுக்கள் 'போதும்'னு சொல்லும். வெப்ப அழுத்தம் வந்தா சிஆர்ஹெச்ங்கிற இன்னொரு ஹார்மோன் கிளம்பும். அட்ரினல் சுரப்பியை கார்டிகோஸ்டிரோன்ங்கிற அழுத்த ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது அதோட வேலை. ஆனா மூளைக்குள்ள அதுவே பசியையும் அமுக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் கிரெலின், வயித்துல சுரக்குற ஹார்மோன். நமக்கும் எலிக்கும் அது பசியைத் தூண்டும். கோழி மூளைக்குள்ள செலுத்தினா நேர் எதிர், தீனியைக் குறைச்சுடும்! எலியில பார்த்ததை அப்படியே கோழிக்குப் பொருத்தினா தப்புக் கணக்குதான்.

[வரைபடம்: குடலில் இருந்து தோலுக்கு ஓடும் ரத்தம்]

சூட்டை இறக்க ரத்தம் கொண்டைக்கும் காலுக்கும் தோலுக்கும் ஓடுது, குடலுக்குப் போறது குறையுது. குடல் சுவர் தளர்ந்து, பாக்டீரியா நச்சு உள்ளே கசியும். அதனால வர்ற அழற்சியும் பசியைக் கெடுக்கும். குளிர்ச்சியான இடத்துல இருக்குற கோழிக்கு இதே குறைஞ்ச தீவனத்தை அளந்து போட்டாலும், வெயில்ல நிக்கிற கோழி அதைவிட எடை குறைவாத்தான் ஏறும். அப்போ நஷ்டத்துக்குக் காரணம் தீனி குறையுறது மட்டும் இல்லை.

[காட்சி: ஒருவர் தீவனத் தட்டுகளை மேலே தூக்குகிறார்]

அதனால மத்தியானம் தட்டை ஆட்டி ஆட்டி எழுப்பாதீங்க. அது சாவைக் கூப்பிடுற வேலை. வெயில் ஏறுறதுக்குச் சில மணி நேரம் முன்னாடியே தட்டைத் தூக்கிடுங்க. தண்ணி மட்டும் குளுமையா, நிக்காம வரணும். ராத்திரியும் விடியற்காலையும் விளக்குப் போட்டுத் தீனி கொடுங்க. மாவுச்சத்துல வர்ற சக்தியில கொஞ்சத்தை எண்ணெய்க்கு மாத்தினா செரிமானச் சூடும் குறையும்.

[காட்சி: பொழுது சாய்ந்தபின், தட்டுகள் கீழே இறங்குகின்றன]

தட்டை இறக்குறப்போ எல்லாத்தையும் ஒரே நேரத்துல இறக்குங்க. ஒண்ணொண்ணா இறக்கினா, பசியில முண்டியடிச்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும்.