குதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மண் குதிரை சேகரிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சேகரிப்பு என்றதும் ஏலம், லட்சக்கணக்கில் விலை என்று மிரள வேண்டாம். நான் வாங்குவதெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குவதிலிருந்து முழங்கை உயரம் வரை உள்ள குதிரைகள். அநேகமாக எல்லாமே புதுச்சேரிப் பக்கம் உள்ள ஒரே சின்னப் பட்டறையில் பிறந்தவை. அச்சு கிடையாது, ஒவ்வொன்றும் கையால் பிடித்தது.

அந்தப் பக்கம் இப்படிப் பட்டறைகள் பெருகியதற்கு ஒரு காரணம் உண்டு. ரே மீக்கர், டெபரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். அங்கே தொழில் கற்ற பலர் பிற்பாடு ஊருக்குள்ளும் ஆரோவில் பக்கமும் சொந்தமாகச் சூளை கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு எத்தனையோ தலைமுறை முந்தியே அய்யனாருக்குக் குதிரை செய்யும் குயவர்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஆகவே மண் குதிரை நமக்குப் பழசு. சூளையின் சூடுதான் புதுசு.

கிராமத்தில் வைக்கோல், விறகு, வறட்டி அடுக்கி, மேலே மண் பூசிச் சுடும்போது சூடு ஏறக்குறைய 700, 800 டிகிரி வரும். ஸ்டோன்வேர் என்கிற கெட்டி வகைக்கு 1,200 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அந்தச் சூட்டில் மண் கொஞ்சம் இளகும். கிண்ணமாக இருந்தால் பாதகமில்லை. குதிரைக்கு ஒல்லியாக நாலு கால், அதற்கு மேல் கனமான உடம்பு. கால் வளைந்தால் கதை முடிந்தது.

வளைவது மட்டுமா? பச்சை மண் காய்ந்து, வெந்து வெளியே வருவதற்குள் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கிவிடும். உடம்பு சுருங்கினால் நாலு காலும் உள்பக்கம் நகர்ந்தாக வேண்டும். சூளைப் பலகையில் ஒரு குளம்பு பிடித்துக்கொண்டாலும் தொடை சேரும் இடத்தில் விரிசல் விழும். இதற்குப் பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் உபாயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதே மண்ணில் ஒரு தட்டையான வில்லை செய்து, அதன்மேல் குதிரையை நிறுத்திச் சுடுகிறார்கள். வில்லையும் குதிரையோடு சேர்ந்தே சுருங்குவதால் கால்களை யாரும் பிடித்து இழுப்பதில்லை. சுட்டு முடிந்ததும் வில்லையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். குதிரை நிற்கக் காரணமான பொருள் கடைக்கு வருவதே இல்லை.

இந்தக் கால் தொல்லை எல்லா ஊர்க் குயவருக்கும் இருந்திருக்கிறது. சீனாவில் தாங் அரச காலத்துக் குதிரைகள் பலவற்றைப் பாருங்கள், நாலு காலும் ஒரு மண் பலகையோடு ஒட்டியிருக்கும். நம் அய்யனார் குதிரையின் வயிற்றுக்கு அடியில் தூணோ ஒரு பூதமோ முட்டுக் கொடுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வங்காளத்தில் பாங்குரா மாவட்டத்துப் பாஞ்ச்முடா குயவர்கள் காலைத் தடித்த குழலாகவே செய்துவிடுகிறார்கள். அவர்கள் குதிரைக்குக் காதும் வாலும் தனி. உடம்பில் விட்டிருக்கும் துளையில் செருகிக்கொள்ள வேண்டியதுதான். சுமந்து போகிறவனுக்கு எவ்வளவு சௌகரியம்!

சரி, வாங்கப் போகிறீர்கள். முகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பிடரியை அழகாகக் கீறுவதும் கண்ணை உருட்டி வைப்பதும் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுக்கும் குதிரையைத் தாராளமாகக் கவிழ்த்துப் பார்க்கலாம். வயிற்றில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே கூடாக உள்ள உடம்பிலிருந்து காற்றும் ஆவியும் வெளியேற விட்ட வழி அது. குளம்புகளின் அடியில் கிளேஸ், அதாவது மேலே பூசும் கண்ணாடிப் பூச்சு, சுத்தமாகத் துடைத்திருக்கிறதா, தொடை இடுக்கில் மயிரிழை விரிசல் உண்டா என்று பாருங்கள். அப்புறம் மேஜைமேல் நிறுத்தி முதுகில் ஒரு விரலால் லேசாக அழுத்துங்கள். ஆடக் கூடாது.

ஒரே பட்டறையில் தொடர்ந்து வாங்குவதில் இன்னொரு லாபம், ஒரு கை மாறுவதைக் கூடவே இருந்து பார்க்கலாம். என்னிடம் உள்ள பழைய குதிரைகளுக்குக் கழுத்து விறைப்பாக இருக்கும். பிறகு வந்தவை தலையைத் திருப்ப ஆரம்பித்தன. போன முறை வாங்கியது பின்னங்காலில் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது! நிறமும் அப்படித்தான். ஒரே வாளிக் கிளேஸில் முக்கியெடுத்த இரண்டு குதிரைகளில் ஒன்று இளம்பச்சை, ஒன்று தேன் நிறம். காற்று குறைந்த மூலையில் வெந்தால் கிளேஸில் இருக்கும் துளி இரும்பு பச்சை காட்டும், காற்றோட்டமான இடத்தில் மஞ்சளும் பழுப்புமாகப் போகும். ஜோடி சேரவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. அவர்கள் விட்டுப் போனதை நான் எடுத்துக்கொள்வேன்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு ஊர் சார்பில் வேளார் எனப்படும் குயவரிடம் பிடிமண் கொடுத்து, குதிரை செய்யச் சொல்லி, ஊர்வலமாகச் சுமந்துபோய் அய்யனார் கோயிலில் வைக்கிறார்கள். அதன்பின் அது வெயிலிலும் மழையிலும் கரையட்டும் என்றுதான் விடுகிறார்கள். ‘சும்மாதானே உடைந்து கிடக்கிறது’ என்று அங்கிருந்து ஒரு தலையைக் காரில் போட்டுக்கொண்டு வருவதற்குப் பெயர் சேகரிப்பு இல்லை, திருட்டு. ஆசையாக இருந்தால் வேளாரிடமே காசு கொடுத்துப் புதிதாக ஒன்று செய்து வாங்குங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது குதிரையை அப்படியே காகிதத்தில் இறுக்கிச் சுற்றாதீர்கள். சுற்றும் இறுக்கத்திலேயே கால் ஒடிந்துவிடும். முதலில் நாலு காலுக்கும் நடுவே துணியையோ கசக்கிய காகிதத்தையோ அடைத்து, வயிற்றோடு சமமாக நிரப்புங்கள். காதுகளுக்கு நடுவிலும் கொஞ்சம் வையுங்கள். அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளலாம். பேருந்தில் வந்தால் மேலே வைக்காதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.