குருவிக்கு ஒரு பொந்து

அவைக்கு வணக்கம். தாய்மார்களே, தம்பி தங்கைகளே.

2010 முதல் மார்ச் 20-ஐச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடுகிறோம். அன்றைக்குப் பெட்டி வாங்கி மாட்டிவிட்டு, "ஒரு குருவிகூட வரவில்லையே ஐயா" என்று என்னிடம் வருத்தப்படுகிறவர்கள் பலர். இன்று அவர்களுக்காகத்தான் பேச வந்தேன்.

நம் பாட்டி வீட்டில் யாரும் பெட்டி மாட்டவில்லை. ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் நடுவே சந்து இருந்தது. சுவரில் சாய்த்து மாட்டிய தாத்தா படத்துக்குப் பின்னால் இடம் இருந்தது. முற்றத்தில் அரிசி புடைத்தார்கள், நொய் சிதறியது. கான்கிரீட் வீடு வந்தது, சந்தெல்லாம் அடைபட்டது. செல்போன் கோபுரம்தான் குருவியைக் கொன்றது என்று இன்னும் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. பறவை நோக்குவோரின் பதிவுகளைத் திரட்டி 2020-இல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் குருவி ஏறத்தாழ நிலையாக இருக்கிறது, சென்னை போன்ற பெருநகரங்களில்தான் குறைந்துவருகிறது என்கிறது. நகரத்தில் நாம் என்ன எடுத்துக்கொண்டோம் என்று யோசித்தால் விடை கிடைக்கும்.

நான் முதலில் மாட்டிய பெட்டி, பளபளவென்று பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. மேற்குச் சுவரில் மாட்டினேன். பங்குனி வெயிலில் ஒருநாள் மதியம் உள்ளே விரலை வைத்தேன், சுட்டது. அந்தச் சூட்டில் குஞ்சு எப்படிப் பிழைக்கும்? அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

மரப்பெட்டி போதும், மண்கலயமும் நல்லது. உள்ளே பெயின்ட் வேண்டாம். அடியில் நீர் வடிய இரண்டு சிறு துளை. பூனை எட்டாதபடி எட்டு, பத்தடி உயரத்தில், மேற்கு வெயில் படாத தாழ்வாரத்தில் மாட்டுங்கள். வாசல் துளைதான் எல்லாவற்றிலும் முக்கியம்: 32 மில்லிமீட்டர். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். அது நுழைந்து சுற்றிலும் கொஞ்சம் இடம் மிஞ்சினால் அளவு சரி. பெரிதாகப் போட்டால் மைனா குடியேறிவிடும். துளைக்குக் கீழே அழகுக்காகக் குச்சி வைக்கிறார்கள். குருவிக்கு அது தேவையில்லை, முட்டை திருட வரும் காக்கைக்குத்தான் வசதி.

தை முடிவதற்குள் மாட்டிவிடுங்கள். முதலில் வருவது தொண்டையில் கறுப்புத் திட்டு உள்ள ஆண். வாசலில் உட்கார்ந்து ஓயாமல் கத்தி இணையை அழைக்கும். அவள் வந்து தலையை உள்ளே விட்டுப் பார்ப்பாள், பிடிக்காவிட்டால் போய்விடுவாள். பிடித்துவிட்டால் வைக்கோல், நூல், கோழி இறகு என்று வந்துகொண்டே இருக்கும். அடைகாப்பது பன்னிரண்டு நாள் போல. இன்னும் ஒரு பதினைந்து நாளில் குஞ்சு பறந்துவிடும். அதுவரை மூடியைத் திறந்து படம் எடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொன்று. நாம் தானியம் வைக்கிறோம், ஆனால் பிறந்த குஞ்சு தானியம் தின்னாது. அதற்குப் பச்சைப்புழு வேண்டும், அசுவினிப் பூச்சி வேண்டும். கத்தரிச் செடிக்கு மருந்தடித்துவிட்டு அதே வீட்டில் பெட்டி மாட்டினால், தாய்க்குருவி புழுவுக்கு எங்கே போகும்? ஒரு முருங்கை, ஒரு அவரைப் பந்தல், மருந்தில்லாத நான்கு செடி இருந்தால் போதும். மண்சட்டியில் தண்ணீரும், குளிக்கக் கொஞ்சம் புழுதியும் இருக்கட்டும்.

2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டது. குஞ்சுகள் பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கு மேல், ஊரே விளக்குப் போடாமல் இருட்டில் நடந்தது. அந்த மக்களை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

வெளியே மேசையில் பெட்டிகள் வைத்திருக்கிறோம், மாம்பலகையில் செய்தவை. பையில் பத்து ரூபாய் நாணயம் இருந்தால், துளையில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள். நன்றி, வணக்கம்.